லியூக்காஸ் செண்பகவல்லியே

ஒருத்திக்குப் பேரு குடுத்துட்டு, அந்தப் பேர அவுகளே பிடுங்கலாமாம்மா? நீங்களே சொல்லுங்க. நீங்க யாரோ, நான் யாரோ. திருநெல்வேலியில பஸ் ஏறுனப்பதான் உங்களப் பாத்தேன். அதனாலதான் உங்ககிட்ட கேக்கேன். தெரிஞ்சவுக கிட்ட போயிக் கேட்டா, "ஸார் அப்படியெல்லாம் செய்ய மாட்டாரே"ம்பாக. ஊருக்கெல்லாம் அவுக ஸாரு. எனக்குத்தான் புருசன்.

நான் கோவில்பட்டிக்குப் போறேன், எங்க அண்ணன் வீட்டுக்கு. எப்ப திரும்பி வருவேன்னு சொல்லாம வந்துட்டேன். அடுப்புல சோறு வடிச்சு வச்சிருக்கு, குழம்பு வைக்கல. வேணும்னா அந்தத் தும்பையப் பறிச்சுக் குழம்பு வச்சுத் திங்கட்டும்.

சிரிக்காதீங்க. முதல்ல இருந்து சொல்லுதேன்.

எம்பேரு செண்பகவல்லி. கோவில்பட்டின்னதும் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், எங்க ஊரு அம்மன் பேரு. அங்கன தெருவுக்கு நாலு செண்பகவல்லி. பள்ளிக்கூடத்துல எங்க கிளாஸ்லயே கட்டச் செண்பகம், கருத்தச் செண்பகம், தபால்காரர் வீட்டுச் செண்பகம்னு கெடந்துச்சு. நான் கட்டச் செண்பகம். கல்யாணமாகி பாளையங்கோட்டைக்கு வந்தா மாமியா "கோவில்பட்டியா"ன்னு கூப்பிட்டாக. தெருவுல புரபசர் வீட்டம்மா. அவுக எந்நாளும் "ஏளா"தான். "ஏளா, துண்டு எங்க? ஏளா, கண்ணாடி எங்க?" எம்பேரு ரேஷன் கார்டுல மட்டும் உசுரோட இருந்துச்சு.

அவுக காலேஜ்ல பாட்டனி, செடிகொடிப் பாடம். பேரு சொல்லிப் பழக்கமில்ல. வாசல் போர்டுல டாக்டர் பூதலிங்கம்னு போட்டிருக்கும். பாருங்க, கோவத்துல வாயில வந்துட்டு.

அவுக ஆராய்ச்சியே தும்பைதான். ஆமா, நாம பறிச்சுத் தேன் உறிஞ்சிட்டுப் போடுவோம்லா, அதே தும்பை. நம்ம மலைல தானா முளைக்கிற தும்பை எத்தன வகை, எதுல இருந்து எது பிரிஞ்சு வந்துச்சு, எது அக்கா, எது தங்கச்சி, எது சித்தப்பா மக... அதக் கண்டுபிடிச்சு வரிசைப்படுத்துததுதான் வேலை. கல்யாண வீட்டுல எங்க சொந்தக்காரங்களக் காட்டி "இவுக நமக்கு என்ன முறை"ன்னு கேட்டா முழிப்பாக. தும்பைக்கு மட்டும் ஏழு தலைமுறை சொல்லுவாக.

அம்பாசமுத்திரத்துக்கு மேல மலை இருக்குல்லா, அதோட உச்சியில ஒரு மொட்டப் பாறை. காத்து ஆளத் தள்ளிரும். அந்தப் பாறை இடுக்குல ஒரு தும்பையக் கண்டாக. ஒரு சாண் உசரம். இலை சின்னதா, தடிச்சு, மேலெல்லாம் வெள்ளையா ரோமம். கம்பளி போத்துனாப்புல இருக்கும். கீழ சரிவுல ஒரு தும்பை உண்டு. அது இடுப்புயரம், இலை நீளமா வழுவழுன்னு. அதுக்கு எந்தக் காலத்துலயோ ஒரு வெள்ளைக்காரன், அவனோட துரை பேர வச்சுட்டுப் போயிட்டான். அவுக என்ன சொன்னாகன்னா, அந்தச் சரிவுத் தும்பைதான் லட்சக்கணக்கான வருசத்துக்கு முன்ன மேல ஏறி, காத்துலயும் வெயில்லயும் கெடந்து, ஒடம்பே மாறி, வேற இனமாப் பிரிஞ்சு போச்சு. ரெண்டும் இனி ஒண்ணாக முடியாது. இது புதுசு. உலகத்துல இதுவரைக்கும் எவனும் பேரு வைக்காதது. இதுதான் அவுக எழுதிட்டிருந்த புத்தகத்துக்கே நடுத்தூணு. முதல் அதிகாரமே அந்தப் பாறையிலதான் ஆரம்பிக்கும்.

அதுக்குப் பேரு வைக்கணும்லா. வச்சாக.

ஒரு நா நான் அடுக்களையில தோசைக்கு அரைச்சுக்கிட்டிருக்கேன். முன் ரூம்ல இருந்து அவுக சத்தம். "செண்பகவல்லியே!" எனக்கு கை அப்படியே நின்னு போச்சும்மா. கல்யாணம் ஆன நாளா கேக்காத வார்த்தை. மாவுக் கையோட ஓடி, "என்னங்க, என்ன"ன்னேன். கையில ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைய வச்சிக்கிட்டு, "உன்னைய இல்லளா, செடிய"ன்னாக. அச்சுல வந்திருக்கு. லியூக்காஸ் செண்பகவல்லியே. லியூக்காஸ்னா தும்பையாம். அந்த லத்தீன் பாசையில கடைசியில "யே" போட்டா "இன்னாரோடது"ன்னு அர்த்தமாம். செண்பகவல்லியோட தும்பை. நமக்கு "யே"ன்னா கூப்பிடுதது. எப்படி வச்சுக்கிட்டாலும் சரிதான்னு நெனச்சேன்.

எங்க நாத்தனா வந்து பாத்துட்டு, "ஏன் மதினி, எங்கண்ணனுக்கு ஒரு ரோசாப்பூ கெடைக்கலயா உங்க பேர வைக்க? தும்பைதான் கெடைச்சுதா"ன்னா. பேசட்டும். அவ பேருல ஒரு கோரப் புல்லு கூட இல்ல. நான் செடிப் படத்தோட இருந்த அந்தப் பக்கத்தக் கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டுனேன். பாருங்கம்மா, கோவில்பட்டியில தெருவுக்கு நாலு செண்பகவல்லி. தும்பைக் குடும்பத்துல ஒரே ஒரு செண்பகவல்லி. அந்தப் பேர இன்னொரு தும்பைக்கு எவனும் வைக்க முடியாது, அதுதான் சட்டம்னாக. பெரிய நகையெல்லாம் எங்கிட்ட இல்ல. இது இருந்துச்சு. எனக்கு இது பெரிசு.

அப்புறந்தான் வந்துச்சு வினை.

புத்தகம் முடியப் போற நேரம். அச்சுக்காரன் பாதிய அடிச்சும் வச்சுட்டான். காலேஜ்ல வெளியீட்டு விழான்னு பேச்சு நடக்கு. அவுக கல்கத்தாவுக்குக் கெளம்புனாக. அங்க பழைய காலத்துச் செடியெல்லாம் காய வச்சுத் தாள்ல ஒட்டி வச்சிருக்காகளாம், அதப் பாக்கணுமாம். போறதுக்கு முன்ன மலைக்குப் போயி என் செடியில ஒண்ண வேரோட கொண்டாந்து சட்டியில வச்சாக. பூ எப்ப விரியுது, எப்ப உதிருதுன்னு வந்து பாக்கணும்னு. எங்கிட்ட, "ஏளா, அப்பப்ப தண்ணி தெளி. போதும். வேற ஒண்ணும் பண்ணாத"ன்னு சொல்லிட்டுப் போனாக.

நீங்களே சொல்லுங்க. எம்பேருல இருக்க செடி. வத்தலும் தொத்தலுமா, கூன் விழுந்து, ஒரு சாண் இருக்கு. கிராமத்துல இருந்து வந்த பிள்ளை மாதிரி ஒண்டிக்கிட்டு நிக்கி. பாத்துக்கிட்டு சும்மா இருப்பேனா? மூணு பிள்ளை வளத்தவ நான். முருங்கை நெழல்ல கொண்டு வச்சேன். அரிசி களஞ்ச தண்ணி ஊத்துனேன். மாட்டுச் சாணிய உலத்திப் பொடிச்சுப் போட்டேன். காலையில காப்பி குடிக்குமுன்ன அதுக்குத் தண்ணி. "செண்பகவல்லி, என்ன இன்னைக்கு சொணங்கிட்டு இருக்க"ன்னு பேசிக்கிட்டே ஊத்துவேன். யாரும் கேக்கலன்னு நெனச்சேன், பக்கத்து வீட்டு ஜெபசெல்வி டீச்சர் சொவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்கா.

செடி வளந்துச்சு. சும்மா வளரல, மதமதன்னு வளந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல. அவுக வந்து பாத்தா அசந்து போயிருவாகன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நா கண்ணாடியப் போட்டுக்கிட்டு இலையத் தொடச்சுப் பாக்கேன். ரோமத்தக் காணோம்.

வழுவழுன்னு இருக்கும்மா. நீளமா இருக்கு. ஹால்ல மாட்டியிருக்க படத்த எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சுப் பாத்தேன். படத்துல கம்பளி போத்துன குட்டி இலை. சட்டியில துரையோட தும்பை நிக்கி. கண்ணு முன்னால எம்பேரு மாறுது.

எனக்கு ஒடனே தோணுனது என்ன தெரியுமா? ஜெபசெல்வி டீச்சர். மாத்தி வச்சுட்டா. அவளுக்குத்தான் பொறாமை. நான் படத்த மாட்டுன அன்னைக்கே, "தும்பைக்கா இவ்வளவு"ன்னு ஒரு சிரிப்புச் சிரிச்சா. நேராப் போயிக் கேட்டுட்டேன். "டீச்சர், எஞ்செடி எங்க?" அவ சாக்பீஸ் கையோட நின்னுக்கிட்டு, "எனக்கு எதுக்கு உங்க தும்பை? எங்க கொல்லைல உரக்குழிப் பக்கம் மண்டிக் கெடக்கு, வேணும்னா பிடுங்கிட்டுப் போங்க"ங்கா. பேச்சப் பாருங்க! அன்னைக்கு முறிஞ்ச பேச்சுதான். இன்ன வரைக்கும் எனக்கு அவ மேல சந்தேகம் முழுசாத் தீரல. ராத்திரி சொவர் ஏறிக் குதிக்கிற வயசு இல்லதான். ஆனா அவ மகன் இருக்கான்.

கல்கத்தாவுல இருந்து போன் பண்ணுவாக. "செடி எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு"ம்பேன். "பூத்திருச்சா?" "மொட்டு வச்சிருக்கு." "இலையில ஒண்ணும் பூச்சி இல்லையே?" இலைன்னு அவுக சொன்னதுமே, "ஒண்ணும் இல்ல, வச்சிரவா"ன்னு வச்சிருவேன்.

வர்ற நாள் நெருங்குது. என்ன செய்ய? பிடுங்கிப் போட்டுட்டு செத்துப் போச்சுன்னு சொல்லலாமான்னு பாத்தேன். மனசு வரல. எம்பேரையே நான் செத்துப் போச்சுன்னு எப்படிச் சொல்ல? யோசிச்சேன். இது எங்க இருந்து வந்துச்சு? மொட்டப் பாறையில இருந்து. வெயிலு, காத்து, பட்டினி. சரி, இங்க வந்து சொகுசு கண்டு கெட்டுப் போச்சு. பழையபடி கஷ்டப்படட்டும். சட்டியத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணித் தொட்டிக்கு மேல, சிமெண்டு காயுத எடத்துல வச்சேன். மண்ண மாத்தி சரளைக்கல்லப் போட்டேன். தண்ணி கெடையாது. வாடி விழும், அப்ப நாலு சொட்டு. மறுபடியும் பட்டினி. படியேறிப் போயிப் பாக்கும்போது எனக்கே கண்ணு கலங்கும். "பொறுத்துக்கோ, உன் நல்லதுக்குத்தான்"னு சொல்லிட்டு எறங்கிருவேன்.

மேல புதுசாத் துளிர் விட்டுச்சு. தொட்டுப் பாத்தேன். சின்ன இலை. தடிச்ச இலை. வெள்ளையா ரோமம்! என் செண்பகவல்லி திரும்பி வந்துட்டாம்மா! அங்கனயே மாடியில நின்னு சாமி கும்பிட்டேன். ஜெயிச்சுட்டோம்னு நெனச்சேன்.

அவுக வந்தாக. பெட்டியக் கூட எறக்கல, "செடி எங்க"ன்னாக. நான்தான் பெருமையா மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன்!

குனிஞ்சு பாத்தாக. லென்ஸ எடுத்து மேல் இலையப் பாத்தாக. தலைய ஆட்டுனாக. அப்புறம் கண்ணு அந்தத் தண்டு வழியா கீழ எறங்குச்சு. கீழ இலையெல்லாம் பழசு, முருங்கை நெழல்ல வந்தது, நீளமா வழுவழுன்னு. நான் அதக் கிள்ளிப் போட்டிருக்கணும். தோணல. செடிக்கு வலிக்குமேன்னு விட்டுட்டேன். லென்ஸ் கீழ போகுது, மேல வருது, கீழ போகுது. ஒரே தண்டு. அடியில துரையோட தும்பை, நுனியில என் தும்பை.

அப்படியே அந்தச் சுடுசிமெண்டுல உக்காந்துட்டாக.

"ஏளா, என்ன பண்ணுன?"ன்னாக. நான் எல்லாத்தையும் சொன்னேன். சாணி, அரிசித் தண்ணி, முருங்கை, டீச்சர் மாத்தி வச்சது, அப்புறம் நான் அதக் காப்பாத்துனது. பாராட்டுவாகன்னுதான் சொன்னேன். சட்டியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எறங்குனாக. படியில காலு தடுமாறுச்சு, நான் பிடிச்சேன்.

அதுக்கப்புறம் வீட்டுல சாப்பிட வா, தண்ணி, போறேன், வந்தேன், அவ்வளவுதான் பேச்சு. அச்சுக்காரன் வந்து வாசல்ல நிப்பான், "கொஞ்சம் பொறு"ம்பாக. காலேஜ்ல இருந்து விழாவுக்குத் தேதி கேப்பாக, "சொல்லுதேன்"ம்பாக. ராவும் பகலும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடந்தாக. எனக்கு என்ன தப்பு நடந்துச்சுன்னே புரியல. செடிதான் பழையபடி ஆயிருச்சே! அதுக்கு ஏன் இவ்வளவு?

அப்புறம் மலைக்குப் போனாக. உச்சியில இருந்து என் தும்பை, சரிவுல இருந்து துரை தும்பை, ரெண்டையும் சட்டி சட்டியா கொண்டு வந்தாக. பாதிப் பாதியாப் பிரிச்சு, ரெண்டு வகையிலயும் கொஞ்சத்த மாடியில, கொஞ்சத்த முருங்கைக்கு அடியில வச்சாக. "என்னத்துக்கு"ன்னேன். "பரிட்சை"ன்னாக. "ரெண்டும் வேற வேற இனம்னா, எங்க வச்சாலும் வேறயா நிக்கும். ஒரே இனம்னா, எடத்துக்குத் தக்கன மாறும். தண்ணி நீயே ஊத்து. நீ ஊத்துனாதான் சரியா வருது." இத எங்கிட்டயே சொல்லுதாக! எனக்கு அப்பதான் மண்டையில உறைச்சுது. யாரு தலை மேல கத்தி தொங்குதுன்னு.

ஊத்துனேன்மா. எப்படி ஊத்துனேன்னு கேளுங்க. ஒரு நா சொம்புல உப்பக் கரைச்சுக்கிட்டு மாடிக்குப் போனேன். துரை தும்பைச் சட்டியில ஊத்திட்டா அது கருகிப் போயிரும், பரிட்சை நின்னு போயிரும். சட்டிக்கு நேரா சொம்பச் சாய்க்கப் போறேன், அது வெயில்ல நாக்குத் தள்ளி நிக்கி. குழந்தையப் போல நிக்கி. கை வரலம்மா. உப்புத் தண்ணிய சாக்கடையில கொட்டிட்டு, கீழ போயி நல்ல தண்ணி கொண்டாந்து ஊத்துனேன். இதுல என் புத்தியச் செருப்பால அடிக்கணும். துரையோட செடிக்கு எரக்கப்பட்டு எம்பேரத் தொலச்சேன்.

மாடியில இருந்த துரை தும்பைக்கு ரோமம் வந்துச்சு. முருங்கைக்கு அடியில என் தும்பைக்கு ரோமம் கொட்டுச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சா எது எதுன்னு எனக்கே தெரியல. அவுகளுக்கும் தெரியல, அடியில சீட்டு ஒட்டி வச்சிருந்தாக, அதப் பாத்துதான் சொன்னாக.

அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டே சொன்னாக. "ஒண்ணுதான்ளா."

"என்ன ஒண்ணு?"

"ரெண்டும் ஒண்ணு. பிரியவே இல்ல. நான் பிரிச்சுட்டேன். காத்துக்கும் வெயிலுக்கும் போத்திக்கிட்டு இருந்தத, வேற பிள்ளைன்னு சொல்லிட்டேன். எழுதணும்."

"எழுதுனா எம்பேரு?"

"போகாது. ஆனா முதல்ல வச்ச துரை பேருதான் நிக்கும், அது சட்டம். அதுக்குக் கீழ, இப்படியும் ஒரு பேரு வச்சிருந்தாகன்னு சின்ன எழுத்துல இருக்கும்."

கீழ! சின்ன எழுத்துல! எவனோ ஒரு துரைக்குக் கீழ நான்! சோத்துத் தட்ட அப்படியே விட்டுட்டு எந்திரிச்சேன். "உங்க புத்தகம்?"னு கேட்டேன். "முதல் அதிகாரத்தக் கிழிக்கணும்"னாக. "விழா?" "வேண்டாம்னு சொல்லிட்டேன்." அவ்வளவு சாதாரணமா சொல்லுதாக. ஊரு சிரிக்கும்னேன். சிரிக்கட்டும்னாக. எங்க நாத்தனா என்ன சொல்லுவான்னேன். சொம்ப எடுத்துக் கையக் கழுவுனாக.

எனக்கு எங்க இருந்து அந்த வேகம் வந்துச்சோ. முதல் சட்டி, அந்த ஒரே தண்டுல ரெண்டும் இருந்துச்சே, அத மண்ணோட பிடுங்கிட்டு அடுக்களைக்குப் போனேன். கேஸப் பத்த வச்சேன். "யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும் தான? எல்லாச் சட்டியையும் இப்பமே எரிச்சுருதேன். அந்தப் பேரு இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நட்டம்? யாரு சோத்துல மண்ணு விழுது?"ன்னு கத்துனேன். இலை நுனி கருக ஆரம்பிச்சுட்டு. பச்சை இலை கருகுத வாடை.

அவுக வாசப்படியில நிக்காக. ஓடி வந்து பிடுங்குவாகன்னு நெனச்சேன். பிடுங்கல.

"எரி"ன்னாக. "நான் பாத்துட்டேனே. அத எங்க கொண்டு எரிக்க?"

"பாக்கலன்னு சொல்லுங்க!"

"சொல்லலாம். சொன்னா அது பொய். அப்புறம் அந்தப் பேரு செடிக்கு இருக்காதுளா. அந்தப் பொய்க்குத்தான் இருக்கும். ஒம்பேர ஒரு பொய்க்கு வைக்கவா?"

கேஸ அணைச்சேன். அவுக சொன்னதுக்காக இல்ல, கை சுட்டுருச்சு. பாருங்க, இந்த வெரல்ல தழும்பு. அவுக வந்து கையப் பிடிச்சு பைப்புக்குக் கீழ வச்சாக. கருகுன செடியத் திரும்பவும் சட்டியில நட்டாக. அந்தச் சனியன் பிழைச்சும் போச்சு.

இதோட விட்டிருந்தா நான் பஸ் ஏறியிருக்க மாட்டேன்மா. அழுது தீத்துட்டு அடுத்த வேலையப் பாத்திருப்பேன். ஹால்ல மாட்டுன படத்தக் கூட நானே கழத்தி பரண்ல போட்டுட்டேன். இன்னைக்குக் காலையில என்ன செஞ்சாக தெரியுமா? எழுதி முடிச்ச தாள எடுத்துக்கிட்டு நான் வாசல் கூட்டுத எடத்துக்கு வந்தாக. முகத்துல ஒரு வெக்கம். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இருந்த மாதிரி ஒரு முழி. "இதுல நீயும் ஒரு ஆளு"ங்காக. "என்ன ஆளு"ன்னேன். "இந்தக் கண்டுபிடிப்பு உன்னுது. நீ வளக்கலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. எழுதுனவங்க பேருன்னு ரெண்டு பேரு போட்டிருக்கேன். ஒம்பேரும் எம்பேரும். நீ சம்மதம்னு சொல்லணும். பத்திரிகைக்காரங்க இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கேக்காக. சம்மதம் இல்லேன்னா எம்பேர மட்டும் போட்டு அனுப்பணும். இந்தா, படிச்சுப் பாரு"ன்னு நீட்டுனாக.

எப்படி இருக்கும் எனக்கு? எம்பேர அழிக்கிற தாள்ல நானே கையெழுத்துப் போடணுமாம். செண்பகவல்லின்னு ஒரு தும்பை இல்லவே இல்லன்னு செண்பகவல்லியே சொல்லணுமாம். வெளக்குமாத்தத் தூக்கி எறிஞ்சேன். தாள வாங்கிப் பாக்கக் கூட இல்ல. பையில ரெண்டு சேலையத் திணிச்சேன், வந்துட்டேன். போனக் கூட வச்சிட்டு வந்துட்டேன். பின்னாலயே வாசல் வரைக்கும் வந்தாக, தடுக்கல. "குடை எடுத்துக்கிட்டியா"ன்னு மட்டும் கேட்டாக. என்ன மனுசன்!

நீங்க என்ன ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீக? தலையத் தலைய ஆட்டுதீக. என்னது? செடிக்கு வச்ச பேரு, தாள்ல போடுத பேரு, ரெண்டுல எது பெருசுங்கீகளா?

அது எப்படிம்மா... செடிக்குப் பேரு வச்சா அது எனக்குக் குடுத்தது. அதுல நான் ஒண்ணும் செய்யல. சும்மா தோசைக்கு அரைச்சுக்கிட்டு இருந்தேன். இதுல... இதுல நான் செஞ்சிருக்கேன். ஆமா, செஞ்சிருக்கேன்தான். சாணி யாரு பொடிச்சா? மாடிக்கு யாரு தூக்குனா? அவுகளா? அவுக கல்கத்தாவுல காஞ்ச செடியப் பாத்துக்கிட்டு இருந்தாக. உசுரோட இருந்தத நான்தான பாத்தேன். மாறுதுன்னு முதல்ல பாத்தவ நானு. திரும்பி மாறுதுன்னு பாத்தவளும் நானு. பெத்த மகன் மாதிரி வளத்து, பகைக்காரி மாதிரி பட்டினி போட்டு... எனக்கே இப்பதான் தோணுது. இத எவன் செய்வான்?

என்ன ஊரு இது? கயத்தாறு தாண்டிட்டோமா? சாயங்காலத்துக்குள்ள சொல்லணும்னாகளே. உங்க போன ஒரு நிமிசம் குடுக்கீகளாம்மா? நம்பர் சொல்லுதேன், நீங்களே அமுக்குங்க. என் கண்ணாடி பையில அடியில கெடக்கு.

அடிக்குதா? குடுங்க.

நாந்தான்... கயத்தாறு தாண்டியாச்சு... யாரோ ஒரு பொண்ணு போனு, நல்ல பொண்ணு... சாப்பிட்டீகளா? குழம்பு இல்லாமயா? ஊறுகாய் மேல் தட்டுல இருக்கு, கண்ணுக்கு முன்னால இருக்கத எடுக்கத் தெரியாதா... அது கெடக்கட்டும். நான் சொல்லுதத கேளுங்க. சம்மதம்.

சம்மதம்னுதான் சொன்னேன். பஸ் சத்தம். சம்மதம்!

பொறுங்க, பொறுங்க, நான் முடிக்கல. ஒரு கண்டிசன். செடிக்கு உரம் போட்டது யாரு? சொல்லுங்க... பட்டினி போட்டது யாரு?... அத்தன சட்டிக்கும் தண்ணி ஊத்துனது யாரு? கையச் சுட்டுக்கிட்டது யாரு? நீங்க உக்காந்து எழுதத்தான செஞ்சீக. அதனால எம்பேருதான் முதல்ல வரணும். உங்க பேரு அதுக்குக் கீழ. அதுக்கு ஒத்துக்கிடலன்னா நான் அண்ணன் வீட்டுலயே...

என்னது?

எப்ப?

... சரி. வைங்க. பால உறை ஊத்தி வைங்க. வைங்கங்கேன்.

இந்தாங்கம்மா போனு. இல்ல, ஒண்ணுமில்ல, தூசி. ஜன்னலச் சாத்துங்க.

முதல்லதான் போட்டிருக்காகளாம். முதல்லயே அப்படித்தான் எழுதியிருந்தாகளாம், எம்பேரு மேல, அவுக பேரு கீழ. காலையில அதக் காட்டத்தான் நீட்டுனாகளாம். பாத்தீகளாம்மா இந்த மனுசன? அதையுந்தான் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.